பினாங்குக் கடைவீதியில் ஓர் எல்லைக்கல்



பினாங்கு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படி ஏறியதா? கொடிமலை ரயிலா? அல்லது பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், திரும்பும் வழியில் நாசி கண்டார் வாங்கித் தந்ததா? எனக்கும் இத்தனை காலம் பினாங்கு என்றால் இவைதாம். ஆனால் சென்ற பள்ளி விடுமுறையில் நான் அங்கே போனது ஓர் இரும்பு ஆணியைப் பார்க்க. ஆமாம், கால்வாய் ஓரத்தில், பாசிக்கும் குப்பைக்கும் அடியில் மறைந்து கிடந்த ஒரு துருப்பிடித்த ஆணியைப் பார்க்கத்தான் ரயிலேறிப் போனேன். சிரிக்காதீர்கள். அந்த ஆணியின் கதை நம்முடைய கதையும்தான் என்பதை இக்கட்டுரையின் முடிவில் நீங்களே சொல்வீர்கள்.

என்னை அழைத்தவன் என் பழைய மாணவன். எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். பால்மரம் வெட்டும் தாயின் மகன். கணக்கில் மட்டும் அப்போதே சூரன். இப்போது உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரிடம் உதவியாளனாக வேலை செய்கிறான்.

"சார், தஞ்சோங்குல பழைய கடை வரிசை ஒன்னு அளக்கப் போறோம். பள்ளியில ஏக்கர், சங்கிலின்னு சொல்லிக் கொடுத்தீங்களே, அத கண்ணால பார்க்கணும்னா வாங்க" என்று தொலைபேசியில் சொன்னான். மாணவன் அழைத்து ஆசிரியன் பாடம் கேட்கப் போவதில் ஒரு தனி இன்பம் உண்டு. மறுவாரமே புறப்பட்டுவிட்டேன்.

எல்லா அளவுக்கும் ஆதிப்புள்ளி

நீங்களும் போவதானால் பட்டர்வொர்த்தில் இறங்கிப் பெரியில் ஏறுங்கள். வாகனங்களை ஏற்றிச் சென்ற பழைய பெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023-இல் வந்த புதிய பெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றிச் செல்கின்றன. கரை நெருங்கும்போது கொம்தார் கோபுரம் உயர்ந்து தெரியும். துறையில் இறங்கிக் கடலோரமாகவே நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை வந்துவிடும்.

1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம் இது. சுற்றுலாப் பயணிகள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் மாணவன் என்னை அங்கே நிறுத்தி வேறொரு செய்தி சொன்னான்.

"சார், பினாங்கு மாநிலத்துல நிலத்த அளந்து வரைஞ்ச பழைய படங்களுக்கெல்லாம் ஆதிப்புள்ளி இந்தக் கோட்டையிலதான். பாலிக் பூலாவ்ல ஒரு தோட்டமோ, நிபோங் திபால்ல ஒரு வயலோ, அது இங்கிருந்து வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவுன்னுதான் கணக்கு."

ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஒரு புள்ளி இருந்ததாம். சிலாங்கூருக்குப் புக்கிட் ஆசா. கெடாவுக்கும் பெர்லிசுக்கும் குனோங் பேராக். இன்று வானத்தில் சுற்றும் துணைக்கோள்களைக் கொண்டு அளக்கிறார்கள் என்றாலும், பழைய படங்களைப் படிக்க வேண்டுமானால் இந்தப் புள்ளிகளுக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். உயரத்துக்கும் இப்படி ஓர் அடிப்படை உண்டு. 1984 முதல் 1993 வரை கிள்ளான் துறைமுகத்தில் கடல் மட்டத்தை அளந்து, அதன் சராசரியிலிருந்துதான் தீபகற்பத்தின் நில உயரங்கள் கணக்கிடப்படுகின்றன. நாம் காலை வைக்கும் ஒவ்வோர் அடி மண்ணுக்கும் எங்கோ ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

கோட்டையை விட்டுத் தெற்கே நடந்தோம். லைட் முதன்முதலில் அளந்து போட்ட ஊர் மிகச் சிறியது. லைட் தெரு, கடற்கரைத் தெரு, அன்று மலபார் தெரு எனப்பட்ட சூலியா தெரு, இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை எனப்படும் பிட் தெரு ஆகிய நான்கு தெருக்களுக்குள் அடங்கியது. கடற்கரைத் தெரு என்று பெயர் இருக்கிறதே, கடல் எங்கே என்று கேட்கிறீர்களா? ஒரு காலத்தில் கடல் அந்தத் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் துறையை அமைத்தார்கள். ஆகவே அங்கே நிற்கும் கட்டடங்களுக்கு அடியில் இருப்பது தூர்த்த மண். பழைய படத்தைப் பார்க்காமல் அங்கே ஒருவர் அடித்தளம் தோண்டினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூப்படைந்த கடைகள்

நாங்கள் போய்ச் சேர்ந்தது, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கடை வரிசை. மல்லிகைப்பூ வாசமும் வறுத்த மல்லி வாசமும் கலந்து வரும் தெரு. என் தகப்பனார் தீபாவளித் துணி எடுக்க எங்களை அழைத்து வந்ததும் இந்தப் பக்கம்தான். அன்று ஜேஜே என்றிருந்த கடைகளில் சில இன்று பூட்டிக் கிடந்தன. மேல்மாடி சன்னல் பலகைகள் தொங்கின. கூரை ஓட்டின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தது.

ஏன் இந்த நிலை? இதற்கு ஒரு சட்டத்தின் கதை இருக்கிறது. 1948 சனவரிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்றக்கூடாது என்று 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்துவந்தது. குடியிருந்தவர்களுக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் சொற்ப வாடகை வாங்கும் உரிமையாளர் கூரையை மாற்றுவாரா? கட்டடங்கள் பழுதாயின. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவு செய்தார்கள். 1999 டிசம்பர் இறுதியோடு பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்த பலர் வெளியேறினார்கள். கடைகள் காலியாயின. பிறகு 2008 சூலை 7-ஆம் நாள் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரிய நகரங்களாக யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றன. காலியாய்க் கிடந்த கடைகளுக்குத் திடீரென்று மவுசு வந்தது. தங்கும் விடுதியாக்கலாமா, காப்பிக் கடையாக்கலாமா என்று பணம் உள்ளவர்கள் தேடி வந்தார்கள்.

முன்பு பழையதைப் புதுப்பிப்பது என்றால் ஒரே வழிதான்: இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுக் கட்டுவது. கொம்தார் அப்படித்தான் எழுந்தது. 1970-களில் அங்கிருந்த பழைய கடைகளையும் வீடுகளையும் அகற்றிவிட்டு அந்த 65 மாடிக் கோபுரத்தைக் கட்டினார்கள். பாரம்பரிய வட்டாரத்தில் இன்று அப்படிச் செய்ய முடியாது. முகப்பையும் கூரையையும் காப்பாற்றியே உள்ளே வேலை பார்க்க வேண்டும். ஆகவே மண்வெட்டிக்கு முன்னால் அளவுக்கோல் வர வேண்டியிருக்கிறது.

நாங்கள் பார்த்த வரிசையில் இரண்டு கடைகளை ஒருவர் வாங்கியிருந்தார். இரண்டையும் உள்ளே இணைத்து, கீழே கடையும் மேலே தங்கும் அறைகளும் அமைக்கத் திட்டம். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மசாலாக் கடைப் பெரியவர். பாட்டனார் காலத்திலிருந்து சொந்தக் கடை. காலியான கடையின் முன் அஞ்சடியில், ஒரு பலகை போட்டுப் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர். முப்பது வருடமாக அதே இடம். இந்த மூவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணி தேடிய காலை

காலை ஏழு மணிக்கே வேலை தொடங்கிவிட்டது. பசியாறக்கூட அவர்கள் உட்காரவில்லை. நான் சுவருக்குச் சுவர் நாடா பிடித்து அளப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களோ சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று பேர் குனிந்து கால்வாயையும் நடைபாதையையும் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா தேடுறீங்க?"

"பழைய எல்லைக்குறி சார். காட்டுலன்னா கல்லு இருக்கும். டவுன்ல ஆணியோ இரும்புக் குழாயோ அடிச்சிருப்பாங்க. சில இடத்துல சிமெண்டுல வெட்டி வச்சிருப்பாங்க."

அளவை, வரைபடத் துறை வைத்திருக்கும் பிலான் அக்குய் என்னும் சான்று பெற்ற படத்தின் பிரதி அவன் கையில் இருந்தது. அதில் ஒவ்வொரு மூலையும், ஒவ்வொரு கோட்டின் திசையும் நீளமும் எழுதப்பட்டிருந்தன. பழைய படத்தில் அளவு சங்கிலியிலும் லிங்க்கிலும் இருந்தது. நம் பெரியவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி. நூறு லிங்க் ஒரு சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அந்தக் கடையின் முகப்பு 28 லிங்க், அதாவது ஏறத்தாழ பதினெட்டரை அடி, இன்றைய கணக்கில் 5.63 மீட்டர். ஆழம் 150 லிங்க், 99 அடி. அகலம் குறுகி நீளம் மிகுந்த கடை. உள்ளே நடந்தால் முடிவே வராது.

ஓர் ஆணி கிடைத்ததும் நான் கைதட்டினேன். அவன் சிரித்தான். "ஒன்னு கிடைச்சா போதாது சார். அத யாராவது நகர்த்தி இருக்கலாம். மூணு பழைய குறி கிடைச்சு, மூணும் படத்துல உள்ள கணக்கோட ஒத்துப் போனாத்தான் நம்புவோம்."

ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் பொருந்தும் போலும். மூன்றாவது ஆணி நண்பகலில், மூடிய கால்வாயின் அடியில் கிடைத்தது. முக்காலிக் கருவியைப் பொருத்தி, எதிர்ப்பக்கம் கண்ணாடிப் பட்டகம் பொருத்திய கம்பைப் பிடித்து, ஒளிக்கதிரை அனுப்பித் தூரத்தையும் கோணத்தையும் படித்தார்கள். அளவையாளர் தாளில் எழுதிப் பார்த்துத் தலையசைத்தார். எல்லைக்கோடு உறுதியாயிற்று.

அதன்பிறகுதான் மற்ற அளவைகள். தரை மட்டத்தை அளந்தார்கள். பலமுறை தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. கடையின் தரை அதைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. 2017 நவம்பர் 4, 5-ஆம் நாள்களில் பெய்த பேய்மழையில் பினாங்கு தத்தளித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாமல் புதுத்தரை போட்டால், பக்கத்துக் கடைக்காரர் வீட்டுக்குள் ஆற்றை அனுப்பியது போலாகும். மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றையும் ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டே போய்க் கண்டறிந்தார்கள். நடு முற்றத்தில் பலகையால் மூடிய பழைய கிணறு ஒன்றும் அகப்பட்டது. கடைசியாக, சுற்றியுள்ள கட்டடங்களின் சுவர் வெடிப்புகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, அளந்து, தேதி போட்டுக் குறித்தார்கள். நாளைக்கு வேலை நடக்கும்போது, "உன்னால்தான் என் சுவர் வெடித்தது" என்று ஒருவரும், "அது முன்பே வெடித்திருந்தது" என்று மற்றவரும் வாதிட்டால் அந்தப் படமே சாட்சி.

மூன்று பேருக்கும் ஒரே கோடு

மறுநாள்தான் விஷயம் சூடு பிடித்தது.

கடையை வாங்கியவரின் கட்டட ஆட்கள் சுவருக்குச் சுவர் அளந்து ஒரு படம் வரைந்திருந்தார்கள். அதன்படி மசாலாக் கடைக்கும் காலிக் கடைக்கும் நடுவிலிருந்த தடித்த சுவர் முழுவதும் தங்களுடையது. அதைக் குடைந்து இரும்புத் தூண் நிறுத்தலாம். பெரியவர் பல இரவுகள் தூங்கவில்லையாம். அவருடைய மேல்மாடி உத்தரங்களின் ஒரு முனை அந்தச் சுவரில்தான் தாங்கி நிற்கிறது.

அளவையாளர் கோட்டைக் காட்டினார். எல்லை சுவரின் நடுவே போயிற்று. பாதி இவருடையது, பாதி அவருடையது, பொதுச் சுவர். ஒருவர் சம்மதமின்றி மற்றவர் கை வைக்க முடியாது. தூண்களைத் தம் பக்கத்துத் தரையிலேயே நிறுத்தும்படி படம் மாற்றி வரையப்பட்டது. பெரியவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். பாட்டனார் வாங்கிய காலத்துப் பத்திரம், அதன்பின் வந்த கிராண்ட், பழைய படம் எல்லாம் பிளாஸ்டிக் பையில் மடித்து இருந்தன.

"வாத்தியாரே, எங்க அத்தா சாகும்போது கடையப் பாத்துக்கன்னு சொல்லல. இந்த டின்னப் பாத்துக்கன்னுதான் சொன்னாரு" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே கோட்டைப் பின்புறம்வரை நீட்டியபோது, பெரியவரின் பின்கட்டுச் சமையலறை ஒன்றரை அடி தாண்டி அடுத்த நிலத்தில் நின்றது. அவர் தகப்பனார் ஏதோ ஒரு காலத்தில் நீட்டிக் கட்டியது. "அம்பது வருசத்துக்கு மேல இருக்கே, பாத்தியம் ஆகியிருக்காதா?" என்று கேட்டார்.

ஆகாது. வாசகர்களே, இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். 1966 சனவரி 1 முதல் நடப்பில் உள்ள நம் தேசிய நிலச் சட்டத்தின்படி, பிறர் பெயரில் பதிவான நிலத்தை எத்தனை காலம் அனுபவித்தாலும் அது அனுபவித்தவருக்குச் சொந்தமாகாது. அரசாங்க நிலமும் அப்படியே. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். இரு தரப்பாரும் கோபமில்லாமல் பேசி, சமையலறையை உள்ளே இழுத்துக் கட்டத் தவணை வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் அவரைக் காப்பாற்றிய அதே கோடு, இரண்டாம் நாள் அவரிடமிருந்து ஒன்றரை அடியைக் கேட்டது. அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று கிடையாது.

பூக்கார அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். அஞ்சடி என்பது பொதுமக்கள் நடக்கும் வழி. நிலம் பெரும்பாலும் கடைக்காரருடைய மனைக்குள் இருக்கும். ஆனாலும் நடப்பவர் வழியை மறிக்கக்கூடாது என்று 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் சொல்கிறது. பழைய கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பி அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார். அக்காவிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை.

மாலையில் என் மாணவன் படத்தின் நகலை விரித்து வைத்திருந்தான். கால்வாய் இருந்தது, தூண் இருந்தது, மின்கம்பம் இருந்தது, மூடிய கிணறும் இருந்தது. அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, இதுல என் பலகை எங்க இருக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கணக்கில் சூரனான என் மாணவனுக்கு அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை. அவருக்கு விடை சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியவில்லை. அக்கா சிரித்தபடியே ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி, "சரி, கொண்டு போய் டீச்சரம்மாவுக்குக் குடுங்க" என்று என்னிடம் நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சிவப்பு வெள்ளைக் கம்பு

திரும்பும் பெரியில் அந்த முழப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது பினாங்கை அல்ல. நான் பிறந்த தோட்டத்தை.

எனக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். ஒருநாள் லயத்துக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்புகளோடு சிலர் வந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் அவர்கள் பின்னாலேயே ஓடினோம். ஒருவர் எனக்குக் கருவிக்குள் எட்டிப் பார்க்கக் கொடுத்தார். எங்கள் மாரியம்மன் கோயில் அதில் தலைகீழாகத் தெரிந்தது. பெரியவர்கள், "துரை புது ரோடு போடப் போறாராம்" என்று பேசிக்கொண்டார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. மறுவருடம் பால்மரங்களுக்கு நடுவே புதிய கற்கள் முளைத்திருந்தன. அதற்கடுத்த வருடம் அறிவிப்பு வந்தது. தோட்டம் மனைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நாங்கள் இருந்த லயம் ஒரு மனையில், கோயில் ஒரு மனையில், பள்ளிக்கூடம் வேறொரு மனையில். என் பாட்டி நட்ட முருங்கை மரம் நின்ற இடம் சாலை. கோயிலை வேறிடத்துக்கு மாற்றினார்கள். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தது. அந்தப் படத்தில் எங்களுக்கும் பலகை இல்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1950-களின் பிற்பகுதியிலிருந்தே தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதைக் கண்டு மனம் பொறாமல்தான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டிய பாலுக்குக் கூலி வாங்கியவர்கள், சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று காட்டினார். நிலத்தின்மேல் வியர்வை சிந்தினால் மட்டும் போதாது, பதிவேட்டில் பெயரும் ஏற வேண்டும் என்பதே அவர் நமக்குச் சொன்ன பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் காடு மேடுகளை அளந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் பலர் ரயில்வேயிலும் அளவைத் துறையிலும் வேலை பார்த்தார்கள். இன்று ஒரு பால்வெட்டுத் தாயின் மகன் அந்தக் கருவியைக் கையாள்கிறான். ஆகவே இது நமக்கு எட்டாத வித்தை அல்ல. உங்கள் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரன் என்றால், இப்படியும் ஒரு தொழில் உண்டு என்று அவனுக்கு, ஏன் அவளுக்கும், சொல்லி வையுங்கள்.

இன்றிரவே செய்ய வேண்டியது

இப்போது நம்மில் பலர் தோட்டத்தை விட்டு வந்து, சிறு வீடோ தாமான் கடையோ வாங்கியிருக்கிறோம். இதைப் படித்து முடித்ததும் பெட்டியிலிருந்து உங்கள் கிராண்டை எடுத்துப் பாருங்கள். மேலே கெரான் என்றோ பஜாக்கான் நெகிரி என்றோ இருந்தால் அளவை முடிந்த நிலையான உரிமைப் பத்திரம். எச். எஸ். என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது தற்காலிகப் பத்திரம். உரிமை உங்களுடையதே, ஆனால் எல்லை இன்னும் முடிவாக அளக்கப்படவில்லை. அந்த நிலையில் எல்லையோரமாகச் சுவர் எழுப்புவதோ, பின்கட்டை நீட்டுவதோ ஆபத்து. மசாலாக் கடைப் பெரியவரின் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடானால் 1985-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி உங்கள் வீட்டுக்கெனத் தனிப் பத்திரம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். அடுக்குமாடியிலும் ஒவ்வொரு வீட்டையும் அளந்துதான் பத்திரம் தருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் மனையின் எல்லைக்கற்களைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் புல்லைச் செதுக்கி வையுங்கள். பெயர்க்காதீர்கள், எல்லைக்கல்லை நகர்த்துவது குற்றம். சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் போகாமல் நில அலுவலகத்தில் கேளுங்கள். அளப்பதானால் உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டே அளக்க வேண்டும்; 1958-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கென்றே இருக்கிறது.

இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோயில் எந்த மனையில் நிற்கிறது? பள்ளிக்கூடம் யார் பெயரில் உள்ள நிலத்தில் இருக்கிறது? கோயில் தலைவரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதை அமைதியாக இருக்கும் காலத்திலேயே விசாரித்து, கிடைக்க வேண்டியதை எழுத்தில் வாங்கி வையுங்கள். "துரை நல்லவர், அவரு இருக்கிறவரைக்கும் பயமில்ல" என்ற பேச்சு வேண்டாம். பூக்கார அக்காவும் பழைய கடைக்காரர் நல்லவர் என்றுதான் நம்பியிருந்தார். அவர் நல்லவராகத்தான் இருந்தார், ஆனால் விற்றுவிட்டுப் போய்விட்டார். சிவப்பு வெள்ளைக் கம்போடு யாராவது வந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து வேடிக்கை பார்க்காதீர்கள். பக்கத்தில் போய், "தம்பி, என்ன அளக்கிறீங்க? யாருக்காக?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அடுத்த முறை பினாங்குக்குப் போகும்போது, சாமி கும்பிட்டு, துணிமணி எடுத்தபின், ஐந்து நிமிடம் அஞ்சடியில் நின்று கீழே பாருங்கள். கால்வாய் ஓரத்தில் ஏதேனும் ஆணி தென்படலாம். கோயில் பக்கத்தில் ஒரு சிறு நிழலில் பூக்கார அக்காவும் இருப்பார். அங்கே போவதாகத்தான் சொன்னார். ஒரு முழம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள். என் கடனும் அதில் கொஞ்சம் தீரட்டும்.